ஒரு சீசனை வைத்துத் தம்பியை எடை போடாதீர்கள்

வணக்கம் அம்மா.

சனிக்கிழமை கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டீர்களே, அது இன்னும் காதிலேயே இருக்கிறது. "விளையாட்டு சோறு போடுமா சார்?" உங்கள் மகன், நம் தம்பி, காரில் ஏறும்வரை காத்திருந்து, அவன் காதில் விழாமல் கேட்டீர்கள். நின்ற நிலையில் ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் இப்போது இரண்டு கட்சி. போன கோடையில் பேஸ்பால் டிராவல் டீமில் (ஊர் ஊராகப் போய் ஆடும் அணி) அவன் அடித்த அடியைப் பார்த்த அப்பா, ஏபி கெமிஸ்ட்ரியை (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் வேதியியல்) விட்டுவிட்டு அந்த நேரத்தைப் பயிற்சிக்குக் கொடுக்கலாம் என்கிறார். இந்த வசந்தத்தில் பள்ளியின் முதன்மை அணியான வார்சிட்டியில் அவன் திணறியதைப் பார்த்த நீங்கள், போதும், மட்டையைக் கட்டி வைத்துவிட்டுப் படிக்கட்டும் என்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டு பேரும் ஒரே தவறைத்தான் செய்கிறீர்கள். மூன்று மாத ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவனுடைய இருபது வருடத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

தம்பியும் அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான். அவன் என் மேசையில் வைத்த ஸ்பைரல் நோட்டை நீங்கள் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆட்டத்துக்கு ஒரு பக்கம். எந்தப் பந்தில் ஏமாந்தான், எதற்கு மட்டையை முன்கூட்டியே வீசிவிட்டான் என்று பென்சிலில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறான். ஏப்ரல் மாதத்துப் பக்கங்கள் மட்டும் இல்லை. கம்பிச் சுருளில் கிழிந்த காகித நார்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். "பேட் கேம்ஸ், அங்கிள்" என்றான்.

அவன் தலையில் இருந்தது ஏஞ்சல்ஸ் தொப்பி. அந்த அணியின் மைக் ட்ரௌட் நம் நியூ ஜெர்சிப் பிள்ளை, தெற்கே மில்வில்காரர். 2012-இல் அவர் ஆடிய ரூக்கி (புதுமுக) சீசனின் எண்கள் தம்பிக்கு மனப்பாடம். 30 ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவது), 49 திருட்டு பேஸ் (அடிக்குக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), 129 ரன், அடி சராசரி .326. ஒரே சீசனில் 30 ஹோம் ரன், 45 திருட்டு பேஸ், 125 ரன் என்ற மூன்றையும் எட்டிய முதல் ஆள் அவர்தான். இருபது வயதில் தொடங்கிய சீசன், இருபத்தொன்றில் முடிந்தது. உச்சமான மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் யார் என்று வாக்களித்த 28 பேரும் அவர் பெயரைத்தான் எழுதினார்கள்.

தம்பிக்குத் தெரியாத பகுதியை நான் சொன்னேன். நீங்களும் கேளுங்கள். 2009-இல், அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடந்தது நாம் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் கடந்து போகிற செக்காக்கஸில், ஒரு டிவி ஸ்டுடியோவில். நேரில் வந்து உட்கார்ந்திருந்த ஒரே ஆட்டக்காரர் பதினேழு வயது ட்ரௌட். ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார்கள். 24 பெயர் போய்விட்டது. அந்த 24-வது தேர்வும் ஏஞ்சல்ஸுடையதுதான். அதில் அவர்கள் எடுத்தது வேறொரு பையனை. அதற்கு அடுத்ததாகத்தான் இவர் பெயர் வந்தது. கேமரா முன்னால் அவ்வளவு நேரம் காத்திருந்த பிள்ளையை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

2011 ஜூலையில் மேஜர் லீகுக்குக் கூப்பிட்டார்கள். 40 ஆட்டம், 123 அட்-பேட் (மட்டையோடு நின்ற முறை), 27 ஹிட். சராசரி .220, அதாவது நூறு தடவை நின்றால் இருபத்திரண்டு தடவைதான் அடி விழுந்தது. நடுவில் ஒருமுறை ஆர்கன்சாவில் இருந்த, இரண்டு படி கீழான டபிள்-ஏ அணிக்கே திருப்பி அனுப்பினார்கள். 130 அட்-பேட்டைத் தாண்டினால் ரூக்கித் தகுதி போய்விடும் என்பது விதி. 123-இல் நின்றதால்தான் 2012 அவருடைய "முதல்" சீசன் ஆயிற்று. அந்த வருடமும் நேராக மேலே போகவில்லை. பயிற்சி முகாமில் உடம்புக்கு முடியாமல் இளைத்து, ஒரு படி கீழான சால்ட் லேக் டிரிபிள்-ஏ அணியில் தொடங்கி, ஏப்ரல் 28-ஆம் தேதிதான் மேலே வந்தார். ஊர் உலகம் கொண்டாடும் அந்த சீசனுக்கு முன்னால் கிழிக்கப்படாத 123 அட்-பேட் இருக்கிறது, அம்மா.

இது உங்களுக்குச் சொன்னது. அப்பாவுக்குச் சொல்ல வேறொருவர் இருக்கிறார். மார்க் ஃபிட்ரிச், டெட்ராய்ட் டைகர்ஸ், 1976. இருபத்தொரு வயது பிட்சர், அதாவது பந்து வீசுபவர். பந்தோடு பேசுவார், மண்டியிட்டு மேட்டு மண்ணைக் கையால் சமன் செய்வார். அவரைப் பார்க்கவே மைதானம் நிரம்பியது. முதல் சீசனில் 19 வெற்றி. அந்த சீசனில் 24 ஆட்டங்களைத் தொடங்கியதிலிருந்து கடைசிப் பந்துவரை அவரே வீசி முடித்தார். சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே. அடுத்த வருடம் பயிற்சி முகாமில் முழங்கால் போயிற்று, பிறகு தோள். மீதி நான்கு சீசன்களையும் சேர்த்து அவர் வென்றது 10 ஆட்டம். 1980-க்குப் பிறகு மேஜர் லீகில் அவர் வீசவில்லை. தோள் தசைநார் கிழிந்திருந்ததை 1985-இல்தான் கண்டுபிடித்தார்கள். மாசசூசெட்ஸில் சொந்த ஊருக்குப் போய் விவசாயம் பார்த்தார், லாரி ஓட்டினார். கௌரவமாகத்தான் வாழ்ந்தார். ஆனால் 1976-ஐ மட்டும் பார்த்தவர் யாரும் இதைக் கணித்திருக்க முடியாது.

இனி சோற்றுக் கணக்கு. மேஜர் லீகில் 2025-இல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,60,000 டாலர். அப்பா கண்ணில் படுவது இந்த எண். அங்கே போகிற வழி மைனர் லீக். 2023 ஒப்பந்தப்படி அதன் கீழ்ப்படிகளில் ஒன்றான சிங்கிள்-ஏயில் வருடத்துக்கு 26,200 டாலர், டிரிபிள்-ஏயில் 35,800. சீசனில் தங்குமிடத்தை அணியே தருகிறது என்பது ஒரு ஆறுதல். டிராஃப்ட் இப்போது 20 சுற்று. நாடு முழுவதும் பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்த்து 600-க்குச் சற்று மேல் பெயர்கள்தான் வாசிக்கப்படுகின்றன. நம் தம்பி அதில் வருவானா என்று இன்றைக்கு என்னாலும் சொல்ல முடியாது, எந்தக் கோச்சாலும் சொல்ல முடியாது.

அதனால் என் யோசனை, அவன் ஆடட்டும், ஏபி கெமிஸ்ட்ரியும் இருக்கட்டும். இதை வெறும் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. உயர்மட்டப் பிரிவான டிவிஷன் ஒன் கல்லூரியில் ஆட, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ 16 முக்கியப் பாடங்களைக் கேட்கிறது. அதில் பத்தை பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்குள் முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் ஒரு அறிவியல் பாடத்தை விடுவது ஆட்டத்துக்கே உலை வைப்பதாக முடியலாம். இந்த வாரமே பள்ளி கவுன்சிலரிடம் போய், எது எது கணக்கில் வருகிறது என்று டிரான்ஸ்கிரிப்ட்டில் (பாட, மதிப்பெண் பட்டியல்) டிக் போட்டு வாங்குங்கள். தகுதியைச் சரிபார்க்கும் என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டரில் பதிவும் செய்யுங்கள்.

ஒருவேளை பள்ளி முடிக்கும்போதே ஒரு அணி கூப்பிட்டால்? சந்தோஷம்தான், ஆனால் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்று வருடம் முடியும்வரையோ 21 வயது ஆகும்வரையோ மறுபடி டிராஃப்ட் கிடையாது. இரண்டு வருட ஜூனியர் காலேஜில் அந்தக் காத்திருப்பு இல்லை. பள்ளியிலிருந்தே போவதானால், மேஜர் லீகின் கல்லூரி உதவித்தொகைத் திட்டத்தை ஒப்பந்தத்திலேயே டாலர் கணக்கோடு எழுதி வாங்குங்கள். ஆட்டத்தை விட்ட இரண்டு வருடத்துக்குள் படிப்பைத் தொடங்கினால் அந்தப் பணம் வரும். வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வக்கீல் படித்துப் பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.

ட்ரௌட்டின் அப்பா மில்வில் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்தவர். அவரே மினசோட்டா ட்வின்ஸின் மைனர் லீகில் ஆடி, மேஜர் லீகை எட்டாமல் திரும்பியவர். மகன் 12 லட்சத்து 15 ஆயிரம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டபோது, ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். இந்தக் கதவு திறக்காவிட்டால் இன்னொன்று கையில் இருந்தது. நம் வீட்டிலும் அப்படி ஒரு கதவு தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கெமிஸ்ட்ரிக்காக இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

ஒன்று உங்களிடம் மட்டும் கேட்கிறேன். மோசமாக ஆடிய நாளில் காரில் திரும்பி வரும்போது படிப்புப் பேச்சை எடுக்காதீர்கள். "அன்றைக்கு அம்மா காலேஜ் பற்றிப் பேசினாலே நான் தோற்றுப்போனேன்னு அர்த்தம்" என்று என்னிடம் சொன்னான். படிப்பு அவனுக்குத் தண்டனையாகத் தெரியத் தொடங்கியிருக்கிறது, அதுதான் என் கவலை. வீட்டில் சாப்பாடு போட்டு, குளித்துவிட்டு வரச் சொல்லி, மறுநாள் பேசுங்கள்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். நோட்டையும் தம்பி எடுத்து வரட்டும். ஏப்ரல் ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட் கோச்சிடம் இருக்குமாம், கேட்டு வாங்கி, கிழித்த பக்கங்களை மறுபடி எழுதி வருவதாக என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறான்.