பெருக்கற்பலனாகப் பிரிப்பது எந்த உரிமையில்?

கேள்வி: குவாண்டம் இயற்பியலில், துகளின் நிலையை விவரிக்கும் அலைச்சார்பு காலத்தோடு எப்படி மாறும் என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்கும்போது, இடத்தை மட்டும் சார்ந்த ஒரு சார்பையும் காலத்தை மட்டும் சார்ந்த ஒரு சார்பையும் பெருக்கி, அதுவே அலைச்சார்பு என்று பாடநூல்கள் தொடங்கிவிடுகின்றன. எல்லா அலைச்சார்புகளும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்?

பதில்: ஆதாரம் கிடையாது, சொல்லப்போனால், பெரும்பாலான அலைச்சார்புகள் அவ்வாறு இருப்பதே இல்லை. இதைப் பாடநூல்கள் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அந்த வடிவில் தீர்வுகள் ஏதேனும் அகப்படுமா என்று தேடுகிறோம், அவ்வளவுதான்.

அந்தப் பெருக்கற்பலனைச் சமன்பாட்டில் இட்டு, இருபுறமும் அதனாலேயே வகுத்தால், நிலையாற்றல் காலத்தோடு மாறாதிருக்கும் வரை, இடப்புறத்தில் காலமும் வலப்புறத்தில் இடமும் மட்டுமே எஞ்சும். ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு காலத்தை மட்டும் நகர்த்திப் பாருங்கள்: வலப்புறம் மாறுவதில்லை, எனவே அதற்குச் சமமான இடப்புறமும் மாற முடியாது. இரண்டும் ஒரே மாறிலி. அதுவே அந்நிலையின் ஆற்றல். (அது கலப்பெண்ணாக இருந்தால், துகள் எங்கேனும் இருப்பதற்கான மொத்த நிகழ்தகவு 1 என்ற மதிப்பில் நில்லாது, ஆகவே மெய்யெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.) 1926-இல் ஷ்ரோடிங்கர் முதலில் வெளியிட்டதும் காலம் இடம்பெறாத சமன்பாட்டைத்தான், காலத்தை உள்ளடக்கிய வடிவம் அதே ஆண்டில் பின்னர் வந்தது.

காலப் பகுதிக்குக் கிடைக்கும் தீர்வு, மட்டு மதிப்பு (கலப்பெண்ணின் அளவு) 1 ஆகவே இருந்து, ஆற்றலுக்கு ஏற்ற வேகத்தில் கலப்பெண் தளத்தில் சுழலும் அடுக்குக்குறிச் சார்பு. நிகழ்தகவைக் கணக்கிட மட்டு மதிப்பை வர்க்கப்படுத்தும்போது அந்தச் சுழற்சி மறைந்துவிடுவதால், இத்தகைய தனித் தீர்வில் நிகழ்தகவுப் பரவல் அசைவதே இல்லை.

அசைவு கூட்டலில்தான் பிறக்கிறது. சமன்பாடு நேரியல் என்பதால் இத்தீர்வுகளின் கூட்டுத்தொகையும் தீர்வே. எலெக்ட்ரான் ஒன்று 1 நானோமீட்டர் அகலமும் ஊடுருவ முடியாத சுவர்களும் கொண்ட ஒற்றைப் பரிமாணப் பெட்டிக்குள் இருப்பதாகக் கொள்வோம். முதல் நிலையின் ஆற்றல் ஏறத்தாழ 0.376 எலெக்ட்ரான் வோல்ட். இரண்டாம் நிலைக்கு அதைப்போல 4 மடங்கு. இரண்டையும் சமமாகக் கலந்தால், அவை வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால், நிகழ்தகவின் குவிவு பெட்டியின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குச் சென்று ஏறத்தாழ 3.7 ஃபெம்டோ நொடிக்கு (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியில் 10¹⁵-இல் ஒரு பங்கு) ஒருமுறை திரும்பி வரும். இந்தக் கலவையை எப்படி முயன்றாலும் ஒற்றைப் பெருக்கற்பலனாக எழுத முடியாது. அதேவேளை, பெட்டிக்குள் எந்தத் தொடக்க நிலையைக் கொடுத்தாலும் அதை இத்தனித் தீர்வுகளின் கூட்டாக, தேவையானால் முடிவிலித் தொடராக, எழுதிவிடலாம். நீங்கள் கேட்ட உரிமை இங்கேதான் இருக்கிறது.

அணுவின்மீது லேசர் ஒளி விழும்போது நிலையாற்றலே காலத்தோடு அலைவதால், வகுத்த பின்னும் காலம் வலப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே இந்த வழி நேரடியாகச் செல்லாது.