ஒருநாள் பணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் எம்.பி.ஏ. மாணவன். முதலாண்டு முடிந்து, 2025 ஏப்ரல் கடைசியிலிருந்து எட்டு வாரம் மன்னார்குடி பக்கம் ஒரு அரசுடைமை வங்கிக் கிளையில் சம்மர் இன்டர்ன்ஷிப் செய்தேன். நீங்கள் வங்கியில் வேலை பார்த்தவர் என்பதால் எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால் எட்டு வாரமும் வீண். எனக்கு லாகின் கிடையாது, கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. பாஸ்புக் என்ட்ரி மெஷின் பக்கத்தில் நிறுத்தினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு செலான் எழுதிக் கொடுத்தேன். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியை நீட்டினேன். சாயங்காலம் வவுச்சர்களை அடுக்கிக் கட்டினேன். என் வகுப்பு நண்பன் மும்பையில் ஈக்விட்டி ரிசர்ச் (கம்பெனிப் பங்குகளுக்கு என்ன விலை தகும் என்று ஆராயும் வேலை) செய்தான், ஸ்டைபண்ட் வேறு. நான் கல்லூரிக்குக் கொடுத்த ரிப்போர்ட் ‘வாடிக்கையாளர் திருப்தி’ பற்றியது. நூறு கேள்வித்தாள். அதில் பாதியை நானே நிரப்பினேன். (இந்த வரியை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள்.)

ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்கிறது. ஒரு அம்மா கெடு முடிந்த நகைக்கடனைப் புதுப்பித்து, நகையை மறுபடி அடகு வைக்க வந்தார். ஒன்றரை லட்சம் கடன். ஒரு வருட வட்டி 13,500 ரூபாயை மட்டும் கொண்டுவந்திருந்தார். முழுத் தொகையும் கட்டி மீட்டால்தான் மறுபடி வைக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஒன்றரை லட்சத்தை எண்ணிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு ஐந்து ரூபாய் வட்டியாம். மறுநாள் புதுக்கடன் அந்த அம்மாவின் கணக்கில் ஏறியதும் தன் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மாவின் பாஸ்புக் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. பணம் எடுக்கும் செலானை எழுதிக் கொடுத்தவன் நான்.

இன்டர்வியூவில் “இன்டர்ன்ஷிப்பில் என்ன கற்றீர்கள்?” என்று கேட்டால் என்ன சொல்வது? இதை ரெஸ்யூமில் போடலாமா?

(பெயர் வேண்டாம் சார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் பெயரையும் கிளையின் பெயரையும் எடுத்துவிட்டேன். கேள்வித்தாள் வரியை எடுக்கவில்லை. உங்களைப் போல நிரப்பியவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள், கொஞ்சம் நெளியட்டும். ஆனால் உங்களை மட்டும் குறை சொல்லமாட்டேன். ஐந்து பேர் வேலை பார்க்கும் கிளைக்கு ஒரு மாணவனை அனுப்பிவிட்டு, அவனுக்கு என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதி அனுப்பாத கல்லூரி, கடைசியில் பைண்டிங் செய்த எண்பது பக்கத்தை மட்டும் கேட்டால் இப்படித்தான் நடக்கும்.

லாகின் தராதது சரிதான். அந்தக் கணினியில் விழும் ஒவ்வொரு பதிவும் யாரோ ஒருவரின் ஐடியில் விழுகிறது. நாளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தன் பாஸ்வேர்டை உங்களிடம் சொல்லாத மேனேஜர் நல்ல மேனேஜர்.

நான் 1983-ல் கிளார்க்காகச் சேர்ந்தபோதும் யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாம் பேரேடு. ஒரு நாள் ராத்திரி எட்டு மணிவரை டேபுக் (அன்றைய வரவு செலவுப் பதிவேடு) டேலி ஆகவில்லை. 63 ரூபாய் வித்தியாசம். நான் வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஹெட் கிளார்க் தலையைத் தூக்காமல், “ஒன்பதால வகுபடுதா பாரு” என்றார். வகுபட்டது. “அப்போ இலக்கம் இடம் மாறியிருக்கு. எங்கயோ எண்பத்தொண்ணைப் பதினெட்டுன்னு போட்டிருக்கே.” அப்படியேதான் இருந்தது, என் கையெழுத்தில். இரண்டு இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வவுச்சர் கட்டியவர் நீங்கள் என்பதால் சொல்கிறேன்.

சரி, அந்த அம்மா விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த பத்தி அதுதான்.

முதலில் கணக்கு. ஒன்றரை லட்சத்துக்கு ஒரு ராத்திரிக்கு 750 ரூபாய். நீங்கள் சொன்ன 13,500-ஐ வைத்துப் பார்த்தால் வங்கி வட்டி ஒன்பது சதவீதம். அதே பணத்துக்கு வங்கி ஒரு நாளைக்கு வாங்குவது 37 ரூபாய். டீக்கடைக்காரர் (டீக்கடையில் இருந்தவர் என்று சொல்ல வேண்டும், டீக்கடைக்காரர் பாவம்) இருபது நாள் வங்கி வட்டியை ஒரே ராத்திரியில் வாங்கிவிட்டார். வருடத்துக்குப் பெருக்கினால் 182 சதவீதத்துக்கு மேல்.

அடுத்தது, ஏன் இப்படி ஆயிற்று என்பது. முன்பெல்லாம் வட்டியை மட்டும் கட்டினால் பழைய கடனை மூடிப் புதுக்கடன் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நகைப் பையைப் பெட்டகத்திலிருந்து எடுக்கும் வேலைகூட இருக்காது. 2024 செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி, நகைக்கடனில் நடக்கும் குறைபாடுகளைப் பட்டியல் போட்டு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கெடு முடிந்த கடனைக் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு அப்படியே உருட்டிவிடுவதும் அதில் ஒன்று. அப்புறம்தான் பல கிளைகளில் ‘முழுசாக் கட்டு’ என்று கறாராகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. வட்டி மட்டும் வந்துகொண்டிருந்தால், வாங்கியவருக்கு அசலைத் திருப்பிக் கட்டும் சக்தி இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சோதனையில் அந்த அம்மா எப்படித் தேறினார் பார்த்தீர்களா? வங்கியின் பதிவேட்டில் அவர் ஒன்றரை லட்சத்தை ஒரே தவணையில் அடைத்த நாணயமான வாடிக்கையாளர். அவருடைய சக்தி என்று வங்கி அளந்தது டீக்கடையில் இருந்தவரின் சக்தியை. இத்தனைக்கும் வங்கிக்கு ஆபத்தே இல்லை. 2024 மே மாதம் சவரன் 53,000 ரூபாயை ஒட்டி இருந்தது. அடுத்த மே மாதம் 70,000-ஐத் தாண்டிவிட்டது. பெட்டகத்தில் இருந்த நகை இருந்த இடத்திலேயே மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது.

நீங்கள் அங்கே இருந்த காலமும் ஒரு காரணம். மே கடைசி, ஜூன் முதல் வாரம். பள்ளிக்கூடம் திறக்கிறது, ஃபீஸ் கட்ட வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு உழவு, விதை, ஆள் கூலி. டெல்டாவில் வீட்டு நகை வங்கிக்குப் போகும் நேரம் அது. செலான் எழுதும்போது “எதுக்கும்மா பணம்?” என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள், அவர்களும் சொல்லியிருப்பார்கள். மற்ற மாணவர்கள் ரிப்போர்ட்டில் போடும், வங்கிக் கணக்குகளின் ஐந்தாண்டு விகிதப் பகுப்பாய்வை ஆண்டறிக்கையிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இதை அந்த மேஜையில் இருந்தவர்தான் எழுத முடியும்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட இரண்டு விஷயம். ஒன்று, அன்றைக்கு மீட்டார், மறுநாள்தான் வைத்தார். அந்த ராத்திரி நகை யாரிடம் இருந்தது? பாஸ்புக்கை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர் நகையை மட்டும் அந்த அம்மாவோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பாரா? இரண்டாவது, மறுநாள் எவ்வளவுக்கு வைத்தார்? அதே ஒன்றரை லட்சமா, விலை ஏறியதால் கூடுதலா? கூடுதல் என்றால் அந்த 750-ஐ அந்த அம்மா வேறு விதமாகக் கணக்குப் போட்டிருப்பார். கிளையின் நகை மதிப்பீட்டாளரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் இருக்காது. பெரும்பாலும் அவருக்குச் சம்பளம் கிடையாது, ஒவ்வொரு கடனுக்கும் கமிஷன்தான். அதனால் அந்த இடத்தில் எல்லாரையும் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கு நேரம் உண்டு.

2025 ஜூன் 6-ல் ரிசர்வ் வங்கியின் இறுதி விதிகள் வந்தன. வட்டியைக் கட்டிவிட்டுக் கடனைப் புதுப்பிக்க அதில் வழி இருக்கிறது. இரண்டரை லட்சம்வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம்வரை கொடுக்கலாம். 2026 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் இதற்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தார்கள். டீக்கடை பெஞ்சு காலியாகுமா என்பதை அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு நாள் போய்ப் பாருங்கள், உங்கள் ரிப்போர்ட்டுக்கு அதுதான் கடைசி அத்தியாயம்.

இன்டர்வியூவுக்கு வருகிறேன். ‘வாடிக்கையாளர் உறவு மேலாண்மை கற்றேன்’ என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் செல்போனைப் பார்ப்பார். இந்தக் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். 750, 37 இரண்டு எண்ணும் வரவேண்டும். கிளை பெயரையோ அந்த அம்மாவின் ஊரையோ சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் ரகசியம் காப்பவர் என்று கேட்பவருக்குத் தானாகப் புரியும். மும்பை நண்பன் எந்தக் கம்பெனிக்கு என்ன விலை சொன்னான் என்பதை அவன் சொல்லட்டும்.

ரெஸ்யூமில் தாராளமாகப் போடுங்கள். நகைக்கடனைப் புதுப்பிக்கும் முறையை நேரில் கவனித்தேன் என்று ஒரு வரி. செலான் எழுதிக் கொடுத்ததையும் ஒரு வரியாகப் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு எழுதினீர்கள்?