வண்டியை உறிஞ்சி எடுக்கலாமா, டொக்டர்?

சித்திரை வருஷம் முடிந்து பலகாரமெல்லாம் இடுப்பில் இறங்கிய பிறகு இப்படிக் கடிதங்கள் வருவது வழக்கம்தான், ஆனால் இந்த முறை கட்டு கொஞ்சம் பெரிது. எல்லாம் வண்டியை, அதாவது தொப்பையை, குறைப்பது பற்றித்தான். ஐந்தை எடுத்திருக்கிறேன்.

எனக்கு 38 வயது. பிள்ளைகள் இரண்டு, இரண்டும் சிசேரியன். அடிவயிறு பை மாதிரித் தொங்குகிறது. விடிய எழும்பிக் கல்லடிப் பாலத்தில் நடந்து எட்டுக் கிலோ குறைத்துவிட்டேன், அது மட்டும் அசையவில்லை. கனடாவில் இருக்கும் மச்சாள் லைப்போசக்‌ஷன் (தோலுக்குக் கீழே குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) செய்தவள், 'நீயும் கொழும்பில் செய், காசு நான் அனுப்புகிறேன்' என்கிறாள். செய்யலாமா? (பெயர் வேண்டாம், கல்லடி)

எட்டுக் கிலோ குறைப்பது லேசான வேலை இல்லை, தங்கச்சி, அதற்கு முதலில் ஒரு சபாஷ். இப்போது கட்டிலில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தொப்புளுக்கு மேலும் கீழும் விரலால் அழுத்திப் பாருங்கள். நடுவில் இரண்டு மூன்று விரல் உள்ளே இறங்கினால் வயிற்றுத் தசை பிள்ளைப்பேற்றில் விலகியது இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். பிறகு அந்தத் தொங்கலைக் கிள்ளிப் பாருங்கள். கையில் வருவது மெல்லிய, சுருங்கிய தோல்தானா, இல்லை மெத்தென்ற கொழுப்பா?

ஏன் இதைக் கேட்கிறேன் என்றால், லைப்போசக்‌ஷன் கொழுப்பை மட்டும்தான் எடுக்கும். தசையைச் சேர்க்காது, தொங்கும் தோலையும் இழுத்துப் பிடிக்காது, சில நேரம் உள்ளே இருந்த கொழுப்பும் போனதால் தோல் இன்னும் தொங்கிப்போவதுண்டு. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தோலும் தசையும்தான் பிரச்சினை போலத் தெரிகிறது. அதற்குச் செய்வது வேறு ஒப்பரேஷன், மிச்சத் தோலை வெட்டி எடுத்து, தசையைச் சேர்த்துத் தைப்பது. அடிவயிற்றில் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை ஒரு தழும்பு நிற்கும், அதையும் மச்சாளிடம் சொல்லிவிடுங்கள். இன்னொரு பிள்ளை பெறும் யோசனை இருந்தால் இப்போது வேண்டாம்.

கொழுப்புத்தான் என்று டொக்டர் சொன்னால் செய்யலாம், ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். 1970களில் இத்தாலியில் ஃபிஷர், பிரான்சில் இலூஸ் என்று ஆரம்பித்த வேலை இது, அந்தக் காலத்தில் இரத்தம் நிறையப் போகும். 80களில் ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர்தான் சேலைன் தண்ணீரில் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் விறைப்பு மருந்தும் இரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தும் கலந்து முதலில் உள்ளே ஏற்றி, அப்புறம் குழாய் விடும் முறையைக் கொண்டுவந்தார். ஒரே தடவையில் ஐந்து லீட்டருக்கு மேல் எடுத்தால் ஆபத்துக் கூடும். அந்த விறைப்பு மருந்தே அளவு மிஞ்சினால் இருதயத்தைத் தாக்கும், காலில் கட்டிய இரத்தம் நுரையீரலுக்குப் போகலாம், குழாய் தவறினால் குடல் ஓட்டையாகும். நடப்பது குறைவு, ஆனால் நடக்கிறது. அதனால் செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்தானா, மயக்க மருந்து கொடுப்பவர் யார், இரவு ஏதும் நடந்தால் யார் வருவார் என்ற மூன்றையும் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அடுத்த பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வந்துவிடுங்கள்.

வயது 52, கடை வைத்திருக்கிறேன், சீனி வருத்தம் இருக்கிறது. வண்டியை உறிஞ்சி எடுத்தால் சீனியும் இறங்கும்தானே? (அக்கரைப்பற்று)

இறங்காது, அண்ணன். உங்கள் வண்டியைத் தட்டிப் பாருங்கள், தர்பூசணி மாதிரிக் கல்லென்று இருந்தால் கொழுப்பு தோலுக்குக் கீழே இல்லை, உள்ளே குடலையும் ஈரலையும் சுற்றி இருக்கிறது, அங்கே எந்தக் குழாயும் போகாது. சீனிக்கும் மாரடைப்புக்கும் காரணமாக இருப்பதும் பெரும்பாலும் அந்தக் கொழுப்புத்தான். 2004இல் அமெரிக்காவில் உடல் பருத்த 15 பெண்களின் வயிற்றிலிருந்து சுமார் பத்துக் கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில வாரம் கழித்துச் சோதித்தார்கள். இன்சுலின் வேலை செய்வதில் ஒரு முன்னேற்றமும் இல்லை. நல்ல சேதி என்னவென்றால், கண்ணாடியில் தெரியாத இந்த உட்கொழுப்புத்தான் நடந்தால், இரவில் பிட்டின் அளவைக் குறைத்தால் முதலில் கரையும். தையல்காரரின் டேப்பால் தொப்புள் மட்டத்தில் அளந்து பாருங்கள், நம் ஆட்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் கவனம். கிளினிக் கொப்பியைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம், கத்தி வேண்டாம், மெஷின் வைத்துக் கொழுப்பை உறையவைக்கிறார்களாம். எனக்கு 22 வயது, எடை 54 கிலோ, உயரம் 5 அடி 2. உம்மாவுக்குத் தெரியாமல் செய்ய நினைக்கிறேன். (மாணவி, காத்தான்குடி)

விஷயம் பொய் இல்லை. ஐஸ்பழத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே திரிந்த சின்னப் பிள்ளைகளுக்குக் கன்னக் கொழுப்பு கரைந்து குழி விழுந்ததைக் கவனித்துத்தான், தோலை விடக் கொழுப்பு குளிருக்குச் சீக்கிரம் சாகும் என்று கண்டுபிடித்தார்கள், 2010இல் அமெரிக்காவில் அந்த மெஷினுக்கு இடுப்புப் பக்கத்துக்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் சிலருக்குக் கரைவதற்குப் பதில் அந்த இடமே கட்டியாகத் தடித்து வளர்ந்துவிடும். லிண்டா இவாஞ்சலிஸ்டா என்ற பேர்போன மாடல் தனக்கு இது நடந்ததை 2021இல் வெளிப்படையாகச் சொன்னார். அப்படித் தடித்ததை எடுக்க அப்புறம் கத்திதான் வேண்டும்.

அதைவிட, உங்கள் எடை சரியான எடை. விளம்பரம்தான் சரியில்லை. உம்மாவிடம் சொல்லப் பயமாக இருக்கும் விஷயத்தை மெஷின்காரரிடம் சொல்ல வேண்டாம்.

எடுத்த கொழுப்பு திரும்பி வருமா? (கல்முனை)

எடுத்த கொழுப்பணுக்கள் வராது, மிச்சம் இருப்பவை பருக்கும். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொடையிலும் அடிவயிற்றிலும் எடுத்த பெண்களுக்கு ஒரு வருஷத்தில் மொத்தக் கொழுப்பு பழைய அளவுக்கு வந்துவிட்டது, வந்தது மேல்வயிற்றில். பெரியவர்களுக்குக் கொழுப்பணு எண்ணிக்கை ஏறக்குறைய மாறுவதில்லை, வருஷத்துக்குப் பத்தில் ஒன்று செத்துப் புதிது பிறக்கிறது என்று 2008இல் சுவீடனில் கண்டார்கள். அணுகுண்டுப் பரிசோதனைகள் காற்றில் விட்ட கார்பனை வைத்துத்தான் கொழுப்பணுக்களின் வயதைக் கணக்கிட்டார்களாம், குண்டுக்கும் ஒரு பிரயோசனம்!

வாரம் ஒரு ஊசி போட்டால் மெலியலாமாம், சவூதியில் இருந்து ஒருவர் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். (களுவாஞ்சிக்குடி)

ஊசி நல்லதுதான். அமெரிக்கப் பாலைவனத்தில் உடும்பு மாதிரி ஒரு பிராணி இருக்கிறது, அதன் எச்சிலில் இருந்த பொருளைப் பார்த்துச் செய்த மருந்து 2005இல் சீனி வருத்தத்துக்கு வந்தது, வாரம் ஒரு முறை போடும் இப்போதைய செமக்ளூட்டைட் அந்தக் கூட்டத்தில் பிந்தியது. ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டவர்களுக்குச் சராசரி எடையில் நூற்றுக்கு 15 குறைந்தது, உள்கொழுப்பும் சேர்த்து. நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. வாந்தி, மலச்சிக்கல் சகஜம், பித்தப்பையில் கல் வரலாம், வீட்டில் யாருக்காவது மெடுலரி என்ற வகைத் தைராய்டுப் புற்றுநோய் இருந்தால் தொடவே கூடாது.

சவூதி விஷயத்துக்கு வருகிறேன். 2024இல் உலக சுகாதார நிறுவனமே போலி ஓசெம்பிக் (செமக்ளூட்டைட் ஊசியின் ஒரு கடைப்பெயர்) பற்றி எச்சரிக்கை விட்டது. அது குளிரில் வைக்க வேண்டிய மருந்து. அந்த ஆள் அதை விமானத்தில் சூட்கேஸில் வைத்து, கட்டுநாயக்கவில் இறங்கி, களுவாஞ்சிக்குடி வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டுதானே வருவார்? வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.