பாகம் பிரிக்காத வீட்டின் வரவுசெலவு

வணக்கம்.

என் அக்கா மகள் அமெரிக்காவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறாள். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாகப் பெரிய மருத்துவமனையும் உண்டு. நிதி நெருக்கடி என்று சொல்லிப் புதிய நியமனங்களை நிறுத்திவிட்டார்களாம். பேராசிரியர்களின் செனட், தலைவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியும் ஒன்றும் அசையவில்லை என்கிறாள். நிலைநிதி மட்டும் பில்லியன் கணக்கில் இருக்கிறதே, பிறகு எப்படிப் பணமில்லாமல் போகும்? ஓட்டுக்கு மதிப்பில்லை என்றால் செனட் எதற்கு? இதெல்லாம் நம் ஊரிலும் நடக்குமா?

வாசகி, தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புச் சகோதரிக்கு,

நிலைநிதி, அதாவது முதலைத் தொடாமல் வருமானத்திலிருந்து செலவிடும் கொடைப் பணம், பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஆண்டுக்கு அதிலிருந்து எடுப்பது பெரும்பாலும் 4 முதல் 5 விழுக்காடு. 1 பில்லியன் டாலர் நிலைநிதி என்றால் கைக்கு வருவது 40 முதல் 50 மில்லியன். அதிலும் பெரும்பகுதி, கொடையாளர் எழுதிக்கொடுத்த காரியத்துக்கு மட்டுமே. கண் நோய் ஆய்வுக்கென்று வந்த பணத்தில் தாதியர் சம்பளம் கொடுக்க முடியாது.

கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. பிட்ஸ்பர்கைத் தலைமையிடமாகக் கொண்ட அலிகெனி அறக்கட்டளை, பிலடெல்பியாவில் மருத்துவமனைகளையும் மருத்துவப் பள்ளிகளையும் கடன் வாங்கி வாங்கிச் சேர்த்தது. 1998 ஜூலையில் ஏறத்தாழ 1.3 பில்லியன் டாலர் கடனோடு திவாலானது. ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கிய கொடைப் பணத்தை அன்றாடச் செலவுக்குத் திருப்பியது பிறகு வெளியே வந்து, தலைமை நிர்வாகி சிறைத் தண்டனை பெற்றார். மருத்துவப் பள்ளியை டிரெக்சல் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. அந்தப் பள்ளியின் பயிற்சிக் களமான ஹானமன் மருத்துவமனை கைமாறிக் கைமாறி 2019இல் மூடப்பட்டபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சி மருத்துவர்கள் ஒரே கோடையில் வேறு இடம் தேடினார்கள்.

உங்கள் அக்கா மகள் இருப்பது கூட்டுக்குடும்பம். மருத்துவமனை வெளியே போய்ச் சம்பாதிக்கும் அண்ணன். அவன் வரவு பெரிது, செலவும் அதே அளவு பெரிது, மிச்சம் மெல்லியது. அந்த மிச்சத்தில்தான் தம்பிகள் படிக்கிறார்கள். சிகிச்சைக் கட்டணத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டை மருத்துவப் பள்ளியின் தலைவரான டீன் எடுத்து, ஆய்வுக்கும் புதியவர்களின் ஆய்வகத்துக்கும் கொடுப்பார். பேச்சுவழக்கில் இதற்கு ‘டீன் வரி’ என்றே பெயர். மருத்துவமனை தடுமாறினால் முதலில் வற்றும் வாய்க்கால் இதுதான். இன்னொரு வாய்க்கால் ஆய்வு மானியத்தின் மறைமுகச் செலவு. 60 விழுக்காடு ஒப்பந்தம் உள்ள இடத்தில், கணக்கில் சேரும் ஒவ்வொரு 100 டாலர் ஆய்வுச் செலவுக்கும் கட்டடம், மின்சாரம், நிர்வாகம் ஆகியவற்றுக்கென்று 60 டாலர் கூடுதலாக வரும். 2025 பிப்ரவரியில், மருத்துவ ஆய்வுக்கு மானியம் தரும் அமெரிக்க அரசின் தேசிய சுகாதாரக் கழகங்கள் இதை 15 விழுக்காடாகக் குறைப்பதாக அறிவித்தன. நீதிமன்றம் தடுத்தது. ஆனாலும் தடை வரும்வரை காத்திருக்காமல் பல இடங்களில் நியமனத்தை நிறுத்திவிட்டார்கள். நிதிப்பொறுப்பாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், 45 டாலர் வராமல் போகலாம் என்ற சந்தேகமே போதும்.

நெருக்கடி உண்மையா, பூச்சாண்டியா என்று வெளியிலிருந்தே ஓரளவு பார்த்துவிடலாம். தணிக்கை செய்த ஆண்டறிக்கையில் முதல் பக்கங்களின் படங்களைத் தாண்டி, கடைசிக்குப் போகச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்துக்கு ஒரு பத்தி, மருத்துவமனைக்கு ஒரு பத்தி என்று பிரித்துக் காட்டும் துணை அட்டவணை பல அறிக்கைகளில் இருக்கும். மருத்துவமனை வரிவிலக்குள்ள கடன்பத்திரம் வெளியிட்டிருந்தால், முதலீட்டாளர்களுக்கு அது தரும் கணக்குகள் ‘எம்மா’ என்ற பொது இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பேராசிரியர்களுக்குக் காட்டாததைக் கடன்காரருக்குக் காட்டித்தான் ஆகவேண்டும். லாப நோக்கமற்ற நிறுவனம் என்றால் வரித்துறைக்குக் கொடுக்கும் படிவம் 990 உண்டு: அட்டவணை ஜே மேலதிகாரிகளின் ஊதியம், அட்டவணை ஆர் தொடர்புடைய நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல்வாங்கல். அது ஓராண்டு, ஒன்றரை ஆண்டு தாமதமாகத்தான் வெளிவரும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவிலும் பார்க்கவேண்டிய எண் ஒன்றே ஒன்றென்றால், ‘கையிருப்பு நாள்’. கட்டடம், கருவிகளின் தேய்மானம் நீக்கிய ஆண்டுச் செலவை 365ஆல் வகுத்து, எதற்கும் செலவிடக்கூடிய ரொக்கத்தை அந்த ஒருநாள் செலவால் வகுக்க வேண்டும். செலவு 1,095 மில்லியன் என்று வையுங்கள்: நாளுக்கு 3 மில்லியன். ரொக்கம் 240 மில்லியன் என்றால் 80 நாள். காப்பீட்டு நிறுவனங்கள் பில்லுக்குப் பணம் தர 45 நாளுக்குப் பதில் 55 நாள் எடுத்தால், வரவும் நாளுக்கு 3 மில்லியன் என்ற கணக்கில் 30 மில்லியன் வெளியே மாட்டிக்கொள்ளும். ஒரு நோயாளியும் குறையவில்லை, கையிருப்பு 70 நாளாகிவிட்டது. கடன் ஒப்பந்தத்தில் எழுதிய குறைந்தபட்ச நாளுக்குக் கீழே போனால் கடன்காரர் ஆலோசகரை நியமிக்கச் சொல்லலாம், செலவைக் குறைக்கச் சொல்லலாம். அந்தக் கட்டத்தில் செனட் பேசுவது யார் காதிலும் விழாது.

அமெரிக்கப் பேராசிரியர் சங்கம் மற்ற இரு அமைப்புகளோடு சேர்ந்து 1966இல் உருவாக்கிய, பல்கலைக்கழகத்தில் யாருக்கு எதில் அதிகாரம் என்று சொல்லும் நிர்வாக அறிக்கைதான் இன்றும் பலர் கைகாட்டும் பத்திரம். பாடத்திட்டம், ஆய்வு, பேராசிரியர் நியமனம் ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு பேராசிரியர்களுக்கு. வரவுசெலவில் அவர்களுக்குக் குரல் மட்டும் உண்டு. கடைசிச் சொல் அறங்காவலர் குழுவுக்கு. நம்பிக்கையில்லாத் தீர்மானம் அந்தக் குழுவுக்கு எழுதும் மொட்டைக் கடிதம் மாதிரி, கையெழுத்து மட்டும் இருக்கும். என்னைக் கேட்டால், அதில் செலவிடும் சூட்டை வேறிடத்தில் செலவிட்டிருக்கலாம். செனட்டின் நிதிக்குழு பல இடங்களில் பல்கலைக்கழகப் பத்தியை மட்டுமே பார்க்கிறது. மருத்துவமனைப் பத்தி ‘வணிக ரகசியம்’. நிதியாண்டு பெரும்பாலும் ஜூலையில் தொடங்கும், வசந்தத்தில் வரவுசெலவுத் திட்டம் நிதிக்குழுவின் மேசைக்கு வரும்போது முடிவெல்லாம் உறைந்துவிட்டிருக்கும். மருத்துவமனையிலிருந்து வரும் தொகை, அங்கே போகும் தொகை, இடையில் நிற்கும் கடன் ஆகிய மூன்றையும் காலாண்டுக்கு ஒருமுறை எழுத்தில் தரும் விதியை, பணம் நிறைந்திருக்கும் ஆண்டில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு அணை கட்ட முடியாது. போதாக்குறைக்கு, செனட்டில் மருத்துவப் பேராசிரியர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப இருப்பதில்லை. பிற்பகல் கூட்டத்துக்கு அறுவைக்கூடத்தை விட்டு யார் வருவார்கள்?

பாகப்பிரிவினைதான் வழி என்று சிலர் முடிவெடுத்தார்கள். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 2000இல் மருத்துவமனையை மெட்ஸ்டாருக்கு விற்றது. வாண்டர்பில்ட் 2016இல் தன் மருத்துவ மையத்தைத் தனி நிறுவனமாக்கியது. பிரித்தால் நட்டம் தாவாது, ஆனால் அண்ணன் கொடுத்த பணமும் இனி ஒப்பந்தத்தில் எழுதிய அளவுக்குத்தான் வரும். டீன் வரியை மறுபடி பேரம் பேசி வாங்க வேண்டும்.

நம் ஊரில் சுவர் முன்பே கட்டப்பட்டிருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2006 முதல் தன்னாட்சிப் பல்கலைக்கழகம், கல்வி அமைச்சின் பக்கம். கென்ட் ரிட்ஜில் பக்கத்திலேயே நிற்கும் மருத்துவமனை பொது மருத்துவமனைகளின் தாய் நிறுவனமான எம்ஓஎச் ஹோல்டிங்ஸின் குடையில், சுகாதார அமைச்சின் பக்கம். மருத்துவமனையும் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியும் 2008இல் ஒரே சுகாதாரக் கட்டமைப்பாக இணைந்து இயங்கத் தொடங்கினாலும் பணப்பை இரண்டு. ஆகவே மருத்துவமனைக் கடன் வேறொரு துறை விரிவுரையாளரின் வேலையைத் தின்னும் ஆபத்து இங்கே மிகக் குறைவு. இங்கே நெருக்கடி வேறு உருவில் வரும்: மருத்துவரின் நேரம். வார்டு நிரம்பினால், இரண்டு பக்கமும் நியமனம் பெற்றவரின் ஆய்வு நாள்தான் முதலில் காணாமல் போகும். எந்த ஆண்டறிக்கையிலும் அது ஒரு வரியாகக்கூடப் பதிவாகாது.

குரல் விஷயத்தில் நமக்குப் பெருமைப்பட இடமில்லை. அறங்காவலர்களை நியமிப்பவர் கல்வி அமைச்சர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தோடு தேசியப் பல்கலைக்கழகம் சேர்ந்து நடத்திய யேல்-என்யுஎஸ் கல்லூரியை மூடும் முடிவு 2021 ஆகஸ்ட் 27 அன்று அறிவிக்கப்பட்டபோது, அங்குள்ள ஆசிரியர்களிடம் முன்கூட்டிக் கலந்துபேசவில்லை. நிலைநிதி எதிர்பார்த்த அளவு திரளாததும் பிறகு நாடாளுமன்றத்தில் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

உங்கள் அக்கா மகளிடம் இன்றிரவே கேட்கச் சொல்ல ஒன்று இருக்கிறது. மருத்துவப் பள்ளிகளில் சம்பளம் பல துண்டாக இருக்கும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவற்றுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று பெயரே உண்டு: அடிப்படை, பேசி முடிவுசெய்த பகுதி, ஊக்கத்தொகை. நிரந்தரப் பதவி கிடைத்தாலும் காப்பு பெரும்பாலும் அடிப்படைத் துண்டுக்கு மட்டுமே. அவளுடைய நியமனக் கடிதத்தில் எது அடிப்படை, பேசி முடிவுசெய்த பகுதியை யார், எத்தனை மாத முன்னறிவிப்போடு மாற்றலாம், மானியம் நின்றால் இடைக்காலச் சம்பளம் எத்தனை மாதத்துக்கு, அது எந்தக் கணக்கிலிருந்து? கடிதத்தில் இல்லையென்றால் துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.