தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தச்சோகை நோய்) உள்ள குழந்தைக்கு ரத்தம் ஏற்றும்போது சில முறை காய்ச்சல், சில முறை தடிப்பு வருகிறது. ஏன்? என்ன செய்ய வேண்டும்?

இரண்டையும் பொதுவாக 'அலர்ஜி' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் காரணமும் வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

தடிப்பும் அரிப்பும் கொடையாளியின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், இருக்கும் புரதங்களால் வருபவை. சிவப்பணுப் பையிலும் கொஞ்சம் பிளாஸ்மா மிச்சம் இருக்கும். காய்ச்சல் இல்லை, மூச்சும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்கின்றன என்றால், ஏற்றுவதை நிறுத்தி அலர்ஜி மருந்து கொடுப்பார்கள். தடிப்பு அடங்கியதும் அதே பையை மெதுவாகத் தொடரலாம். இப்படித் தொடர்வது இந்த லேசான வகைக்கு மட்டுமே பொருந்தும். இளைப்பு, உதட்டு வீக்கம், குரல் கரகரப்பு, குழந்தை துவண்டுபோவது என்று எது வந்தாலும் அனஃபிலாக்சிஸாகவே, அதாவது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையாகவே, எடுத்துக்கொள்ள வேண்டும். அவில் என்ற அலர்ஜி மருந்தை ஊசியாகப் போட்டுக் காத்திருக்கும் நேரமல்ல அது. தொடைத் தசையில் அட்ரினலின், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், உடனே போட வேண்டும்.

காய்ச்சலில்தான் கூடுதல் கவனம் தேவை. ஏற்றும்போதோ, முடிந்து 4 மணி நேரத்துக்குள்ளோ உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸாவது கூடி 38-ஐத் தொட்டால் அது கணக்கில் வரும். பெரும்பாலும் காரணம் பையில் இருக்கும் வெள்ளணுக்கள்தான். சேமிப்பில் இருக்கும்போது அவை சைட்டோகைன்கள் என்ற, காய்ச்சலைத் தூண்டும் பொருள்களைக் கசியவிடும். பலமுறை ரத்தம் ஏற்றிய குழந்தையின் உடலில் அவற்றுக்கு எதிர்ப்பொருளும் உருவாகியிருக்கும். இந்தக் காய்ச்சல் தானாக அடங்கிவிடும். ஆனால் குரூப் மாறிய ரத்தமும் கிருமி கலந்த பையும் இதே காய்ச்சலோடுதான் தொடங்கும். அவை இல்லை என்று உறுதியான பிறகே 'சாதாரணக் காய்ச்சல்' என்று சொல்ல முடியும்.

அதனால் முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். ஊசியைப் பிடுங்கக் கூடாது. புது டியூப் மாட்டி நார்மல் சலைன் ஓட விட வேண்டும். பையின் லேபிளையும் குழந்தையின் பெயர், குரூப்பையும் மறுபடி ஒப்பிட வேண்டும். பை, டியூப், புதிதாக எடுத்த ரத்த மாதிரி ஆகியவை ரத்த வங்கிக்குப் போக வேண்டும். சிறுநீர் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதுகுவலி, கடும் நடுக்கம், 39 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தால் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையும் தேவை. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆஸ்பிரின் வேண்டாம்.

இனி வராமலிருக்க, சேமிக்கும் முன்பே வெள்ளணு நீக்கிய ரத்தம் கேளுங்கள். ரத்தம் ஏற்றும் செட்டில் இருக்கும் 170 முதல் 200 மைக்ரான் வடிகட்டி கட்டிகளை மட்டுமே பிடிக்கும். வெள்ளணு தாராளமாக நழுவிப்போகும். கடுமையான ஒவ்வாமை திரும்பத் திரும்ப வந்தால், சலைனால் கழுவிப் பிளாஸ்மாவை நீக்கிய சிவப்பணு உதவும். கழுவும்போது சிவப்பணுவிலும் கொஞ்சம் வீணாகும், 24 மணி நேரத்துக்குள் ஏற்றியும் ஆக வேண்டும். அதனால் எல்லாக் குழந்தைக்கும் அது தேவையில்லை. ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே பாராசிட்டமாலும் அவிலும் கொடுக்கும் பழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. அது பெரிதாகத் தடுப்பதில்லை. எச்சரிக்கைக் காய்ச்சலை மறைத்துவிடவும் கூடும்.

எந்த எதிர்விளைவு வந்தாலும் படிவம் நிரப்பி ரத்த வங்கிக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். 2012 முதல் இந்தியாவில் ரத்தம் ஏற்றும்போது வரும் எதிர்விளைவுகளைக் கண்காணிக்கும் ஹீமோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது. நகலை உங்கள் ஃபைலில் வையுங்கள். அடுத்த பையைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

வீட்டுக்குப் போன பிறகு, 3 முதல் 14 நாளுக்குள் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, ஹீமோகுளோபின் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கினாலோ, அது தாமதமாகச் சிவப்பணு உடைவதாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.