தூக்கிப்போகிற கரண்டு ப்ரூயிங் செட்டப்பை நாமே செய்யலாமா?

கேட்டிருப்பது இதுதான்: கோயம்புத்தூரில் இருக்கிறேன், 20 லிட்டர் பியர் காய்ச்சுகிற அளவுக்கு, கரண்டில் ஓடுகிற, காரில் தூக்கிப்போகிற செட்டப் நானே செய்ய முடியுமா?

செட்டப் செய்யலாம்ங்க. பியர் வேண்டாம். அனுமதி இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது, கொஞ்சமாக இருந்தாலும், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி குற்றம். 2024-ல் தண்டனையை இன்னும் கூட்டிவிட்டார்கள். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்து 1937 அக்டோபர் 1-ந் தேதி மதுவிலக்கைத் தொடங்கியதே நம்ம சேலம் ஜில்லாவில்தான்.

ஆனால் பியர் காய்ச்சுகிறவர்கள் உருவாக்கிய அந்தப் பாத்திரம் அருமையானது. முளைகட்டிய பார்லியைச் சுமார் 65 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கத்தான் இத்தனை கருவியும். ஈஸ்ட் சேர்ப்பதெல்லாம் அப்புறம். முளைகட்டிய ராகியும் அதே வேலையைச் செய்யும். நான் கணபதியில் பேனல் வயரிங் வேலை பார்க்கிறேன். பல் போய், களி இறங்காமல் இளைத்துக்கொண்டிருந்த என் அமுச்சிக்காக, அதாவது அம்மாவைப் பெற்றவளுக்காகத்தான் இதைச் செய்தேன்.

40 லிட்டர் 304 எவர்சில்வர் பாத்திரம். அடியிலிருந்து மூன்று விரல்கடை உயரத்தில் துளை போட்டு 2000 வாட்ஸ் ஹீட்டர், சிலிக்கோன் வாஷரோடு. பக்கத்தில் சூட்டை அளக்க ஒரு பி.டி. 100 சென்சார். சூட்டைச் சொன்ன அளவில் நிறுத்துகிற பி.ஐ.டி. கன்ட்ரோலரும், அது சொல்கிறபடி ஹீட்டரை ஆன், ஆஃப் செய்கிற எலக்ட்ரானிக் சுவிட்சான எஸ்.எஸ்.ஆரும் தனிப் பெட்டியில். வயர் மாட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊற்றி வைத்து ஒழுகுகிறதா பாருங்க. 2000 வாட்ஸ் என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர், 6 ஆம்பியர் பிளக் உருகிவிடும். 16 ஆம்பியர் பிளக், 2.5 ஸ்கொயர் எம்.எம். மூன்று கோர் காப்பர் கேபிள் போடுங்க. 20 லிட்டர் தண்ணீர் 27-லிருந்து 67 டிகிரிக்கு வர அரை மணி நேரம் ஆகும்.

எஸ்.எஸ்.ஆர். கெட்டுப்போனால் பெரும்பாலும் ஆஃப் ஆகாது, ஆனிலேயே ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் ஹீட்டர் ஓடும், தண்ணீர் வற்றும். அதனால் பாத்திரத்தின் மேல் தனியாக ஒரு தெர்மோஸ்டாட் ஒட்டி, அதைக் காண்டாக்டர் என்கிற பெரிய சுவிட்சோடு சேர்த்து, லைனையே துண்டிக்கிற மாதிரி செய்யுங்க. இதை விட்டுவிட்டுக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பெட்டிக்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இல்லாவிட்டால், எங்கோ கசிகிறது என்று லைனைத் துண்டிக்கிற சுவிட்ச் அது. பலரும் இதோடு பயம் விட்டது என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதல்முறை காங்கேயம் பக்கம் மாமன் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். முக்கால் மணி நேரம் ஆகியும் மீட்டர் 45 டிகிரியைத் தாண்டவில்லை. வோல்ட்டேஜ் குறைவு போல என்று நினைத்து, வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று மூடியைத் தொட்டேன். சுர்ரென்று முழங்கை வரை ஏறியது. ஆர்.சி.சி.பி. விழவே இல்லை.

"எடுறா கண்ணு கைய!" என்று மாமன் ஓடிவந்து மெயினை இறக்கினார்.

பிறகு பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தோம். யாரோ எப்போதோ, கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரல் வயர் இல்லாமல், கரண்டு வருகிற பேஸ் வயரை மட்டும் இழுத்து, நியூட்ரல் பின்னையும் எர்த் பின்னையும் ஒரே துண்டு வயரால் சேர்த்து, வெளியே நட்ட கம்பியில் கட்டியிருந்தார்கள். காய்ந்த மண்ணில் அந்தக் கம்பிக்கு ரெசிஸ்டன்ஸ் அதிகம். பாதி வோல்ட்டேஜ் மண்ணில் போய்விட்டது. அதனால்தான் தண்ணீர் சூடேறவில்லை. மீதிக் கதை இன்னும் மோசம்: கம்பியில் ஏறிய வோல்ட்டேஜ் எர்த் வயர் வழியாக அப்படியே பாத்திரத்துக்கு வந்துவிட்டது. பெட்டிக்குள் போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமாகவே இருந்ததால் ஆர்.சி.சி.பி.க்கு எதுவும் தெரியவில்லை. நல்ல எர்த்தாக நினைத்து நான் கட்டிய வயரே எனக்கு ஷாக் கொடுத்தது.

வீட்டிலேயே வைத்திருக்கிற செட்டப்புக்கு ஒருமுறை எர்த் பார்த்தால் போதும். தூக்கிப்போகிற செட்டப்புக்கு ஒவ்வொரு ஊரிலும் பார்க்க வேண்டும். என் பெட்டியில் இப்போது ஒரு முழக் கம்பியும் மல்டிமீட்டரும் எப்போதும் இருக்கும். கம்பியை ஈரமண்ணில் அடித்து, அந்த பாயின்ட்டில் ஒரு அயர்ன் பாக்ஸை ஓடவிட்டு, எர்த் பின்னுக்கும் கம்பிக்கும் நடுவே அளப்பேன். நாலைந்து வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே பாத்திரத்தை இறக்கவே மாட்டேன். அன்றைக்கு விறகடுப்புதான்.

இப்போது மாமன் தனி எர்த் பைப் இறக்கி, முறையாக நியூட்ரல் வாங்கிவிட்டார். வெளிப்பாத்திரத்தில் தண்ணீர் 66 டிகிரியில் நிற்கும். ராகிக்களியைக் கரண்டி நட்டால் நிற்கிற கெட்டியில் கிண்டி, ஆறவிட்டு, சிறு போசியில் போட்டு அந்தத் தண்ணீருக்குள் இறக்குவேன். 65 டிகிரிக்கு வந்ததும் நிழலில் காய்ந்த முளைராகி மாவு ஒரு கைப்பிடி. கிளற ஆரம்பித்தால் முதலில் ஓரம் பளபளக்கும், பிறகு கரண்டி சாயும், கால் மணி நேரத்துக்குள் பாயசம் போல ஊற்றலாம். சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை, சர்க்கரை போடவில்லை, ஆனாலும் லேசாக இனிக்கும். பிறகு ஒரு கொதி விட்டு இறக்கிவிடுவேன். 80 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போதே மாவைப் போட்டால் எதுவும் நடக்காது, முளையின் சக்தி செத்துவிடும். சர்க்கரை வியாதி இருப்பவர்களுக்கு இது ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அமுச்சி ஒரு சொம்பு முழுக்கக் குடித்துவிட்டு, "இதென்ன கண்ணு, வெல்லம் போட்டியா?" என்று கேட்டது.

ஹீட்டர் வாங்கியதும் அதன் திருகு விட்டத்தைச் சொல்லுங்க, துளை அளவு சொல்கிறேன். துளையை மட்டும் கையில் டிரில் பிடித்துப் போடாதீங்க. பக்கத்து லேத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்க.