மாலையைக் கழற்றிய மறுநாள்

கேள்வி: எனக்கு வயது 46. விருதுநகர் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். காலை 9 மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு 10 மணிக்குத்தான் எழுந்திருப்பேன். அதன் பிறகுதான் சாப்பாடு, பெரும்பாலும் பரோட்டா. உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ, இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. ரத்த அழுத்தம் 138/88. எச்பிஏ1சி (மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி) 6.1. ஒரு நாளைக்கு ஏழெட்டு சிகரெட். அப்பா 58 வயதில் மாரடைப்பில் இறந்துபோனார். ஜனவரியில் டைரியில் மூன்று தலைப்புப் போட்டு எழுதினேன். உடல்: 15 கிலோ குறைக்க வேண்டும். மனம்: கோபப்படவே கூடாது. ஆன்மிகம்: தினமும் ஒரு மணி நேரம் தியானம். பொங்கலுக்குள் மூன்றும் காற்றில் போய்விட்டன. ஆனால் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாளும் சிகரெட்டைத் தொடமாட்டேன், நாலரைக்கு எழுந்துவிடுவேன், யாரிடமும் கத்தமாட்டேன். மாலையைக் கழற்றிய மறுநாள் காலை டீக்கடையில் முதல் சிகரெட். எனக்கு மன உறுதி இல்லையா டாக்டர்? இனி எப்படித் திட்டம் போடுவது?

பதில்: மன உறுதி இல்லாதவரால் 41 நாள் சிகரெட்டைத் தொடாமல் இருக்க முடியாது. அந்தச் சந்தேகத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. ஒன்று நீங்கள் டைரியில் எழுதியது. மற்றொன்று பல தலைமுறைகளாகப் புழங்கி, குருசாமி கையால் உங்கள் கழுத்தில் விழுந்தது. முதலாவது இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது ஒவ்வோர் ஆண்டும் தாங்குகிறது. ஆள் மாறவில்லை, திட்டம்தான் மாறியிருக்கிறது. எனவே டைரியைப் பிரித்துப் பார்ப்போம்.

'15 கிலோ குறைக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நீங்கள் என்ன செய்ய வேண்டும்? டைரியில் பதில் இல்லை. 'கோபப்படவே கூடாது' என்பதும் அப்படித்தான். கோபம் உங்களைக் கேட்டுக்கொண்டா வருகிறது? விரதமோ 'பக்தியாக இரு' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில்லை. விடியுமுன் எழு, குளி, வேட்டி கட்டு, விளக்கேற்று, சரணம் சொல், சாயங்காலமும் இதையே செய், பாயில் படு என்கிறது. எல்லாமே கைகால் செய்யக்கூடிய வேலைகள். இரவு படுக்கும்போது செய்தோமா இல்லையா என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். டைரியில் நீங்கள் விளைவுகளை எழுதினீர்கள். விளைவு உங்கள் கையில் இல்லை.

எடை விஷயத்தில் இதற்கு நல்ல சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்து ஏறக்குறைய மூன்று ஆண்டு கவனித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடப்பது, சர்க்கரை, மாவுப்பண்டம், எண்ணெய் குறைப்பது என்று பழக்கப்படுத்தப்பட்டவர்களில் அது 39 ஆக இருந்தது. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைச் சாப்பிட்ட குழுவிலும் கிட்டத்தட்ட இதே எண்தான். இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. நடந்தவர்களின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை! எடை இயந்திரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் எல்லோரும் தோற்றுவிட்டோம் என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

காரணம் எளிது. நடக்கும்போது தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இன்சுலினின் உதவிக்குக் காத்திராமல் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இந்த வேலை முதல் நாள் நடையிலேயே தொடங்கிவிடும். எடை குறைந்தால் நல்லதுதான், உங்களுக்கு நான்கு முதல் ஆறு கிலோ குறைந்தாலே பெரிய லாபம். ஆனால் அதை டைரியில் எழுத வேண்டாம். 'மதியச் சாப்பாடு முடிந்ததும் கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்புவேன்' என்று எழுதுங்கள். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு வீட்டிலிருந்து கடைக்கே வரவழைத்துவிடுங்கள். பரோட்டாக் கடையைத் தாண்டும்போது வயிறு நிறைந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. உணவில் இப்போதைக்கு இந்த ஒரு மாற்றம் போதும்.

இனி சிகரெட். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்தப் பகுதிதான். நிகோடினை நிறுத்தியதும் வரும் எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கிவிடும். அதாவது, பதினெட்டாம் படி ஏறும்போது உங்கள் உடம்பு சிகரெட்டைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டிருக்கிறது. மலைபோன்ற கஷ்டத்தை ஒவ்வோர் ஆண்டும் முழுதாகத் தாண்டிவிட்டு, மறுகரையில் இறங்கி நின்று, திரும்பவும் ஆற்றில் குதிக்கிறீர்கள். மறுநாள் காலையில் உங்களைப் பற்றவைக்கச் சொன்னது டீக்கடை. அந்த பெஞ்சு, அந்தக் கண்ணாடி டம்ளர், 'என்ன சாமி, மாலையைக் கழற்றியாச்சா?' என்று கேட்டுக்கொண்டே பெட்டியை நீட்டும் நண்பர்.

ஆகவே அடுத்த முறை மாலை போடும் அன்றே, கழற்றிய மறுநாள் காலை என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். அன்று டீ வீட்டில். முதல் ஒரு மாதம் அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கார்த்திகை வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. புகையிலையை விடுவதற்கான தேசிய உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை. நிகோடின் சூயிங்கம், மாத்திரை போன்றவற்றை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம். ஒரு முழு ஆண்டு தொடாமல் இருந்தால், சிகரெட்டால் கூடிய மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்பாவுக்கு 58 வயதில் வந்ததை நினைத்தால், உங்களுக்கு நான் எழுதித் தரக்கூடிய எந்த மாத்திரையும் இதற்கு ஈடாகாது.

கோபத்துக்கு வருவோம். விரத காலத்தில் நீங்கள் கத்தாமல் இருந்ததற்கு என்ன காரணம் என்று யோசித்தீர்களா? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்த நாட்களில் எல்லோரையும் 'சாமி' என்று கூப்பிடுகிறோம். கடைப் பையன் பெயின்ட் டின்னைக் கீழே போட்டுவிடுகிறான். மற்ற நாளென்றால் வாயில் முதலில் வருவது வேறு. மாலை போட்டிருக்கும்போது 'பார்த்து சாமி' என்று வந்துவிடுகிறது. அந்தச் சொல் நாக்கில் உருள்வதற்கு ஆகும் இரண்டு விநாடிதான் மருந்து. அதற்குப் பிறகு திட்டினாலும் திட்டில் பாதிச் சூடுதான் இருக்கும்.

ஆண்டு முழுவதும் கடைப் பையனைச் சாமி என்று கூப்பிட்டால் வாடிக்கையாளர்கள் உங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கலாம். (பார்த்தால்தான் என்ன என்றும் எனக்குத் தோன்றுகிறது.) வேறு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கோபம் ஏறினால் கல்லாவை விட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் பேசுவேன் என்பது ஒரு நல்ல இலக்கு, ஏனென்றால் அதைச் செய்தோமா என்று எண்ணிப் பார்க்க முடியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எரிச்சலோடு, எதிலும் ஆர்வம் இல்லாமை, அதிகாலையிலேயே விழிப்பு, வாழ்வே வெறுத்துப்போன எண்ணம் போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது குணக்கோளாறு அன்று, மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குத் தண்ணீர் குடிப்பது சிகிச்சை ஆகாது. மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசுங்கள்.

ஆன்மிகத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை. அதனால் உடம்பில் தெரிவதை மட்டும் சொல்கிறேன். ஒரு மணி நேரத் தியானம் நானும் முயன்றிருக்கிறேன். நான்காம் நாள் உட்கார்ந்தபடியே தூங்கி, மகள் எழுப்பினாள். உங்களுக்குத் தியானம் ஏற்கெனவே பழக்கம், நீங்கள் அதற்கு அந்தப் பெயரை வைக்கவில்லை, அவ்வளவுதான். 108 சரணம் சொல்லும்போது ஒருவர் சொல்ல, மற்றவர்கள் நீட்டி 'சரணம் ஐயப்பா' என்கிறீர்கள். மூச்சு உள்ளே போவது குறுகி, வெளியே வருவது நீள்கிறது. ஜெபமாலைப் பிரார்த்தனையையும் மந்திர உச்சரிப்பையும் 23 பேரிடம் ஆராய்ந்து இத்தாலிய மருத்துவர்கள் 2001இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்குத் தணிந்தது. ரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயல் கூர்மையானது. எந்த மதத்தின் சொல் என்பதில் உடம்புக்குப் பேதம் இல்லை போலும். கடவுள் நம்பிக்கை இல்லாத வாசகர் மெதுவாக ஒரு செய்யுளைச் சொல்லிப் பார்க்கலாம். உங்களுக்கு, காலையில் விளக்கேற்றிப் பத்து நிமிடச் சரணம். மாலையைக் கழற்றினால் சரணம் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

விரதத்திலிருந்து எதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். முதலில் சாப்பாடு. அசைவம் இல்லை என்பதற்காக அன்னதானத்தில் சாம்பார் சாதம், வடை, சர்க்கரைப் பொங்கல் என்று 41 நாளில் இரண்டு கிலோ கூடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது வெறுங்கால் நடை. உங்களுக்கு இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை, பாதத்தில் உணர்ச்சி சரியாக இருந்தால் நடக்கலாம். ஆண்டுக்கணக்கில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் மரத்த உணர்வு இருந்தால் வெறுங்காலோடு கிளம்ப வேண்டாம். முள் குத்தியது தெரியாமல் நடந்து, புண்ணோடு வருபவர்களைத் தை மாதத்தில் பார்க்கிறேன்.

மூன்றாவதுதான் முக்கியம். விரதத்தில் ஒரு நாள் தவறினால் பங்கம், மொத்தமும் போயிற்று. 41 நாளுக்கு அந்தக் கண்டிப்பு பொருந்தும். 41 ஆண்டுக்குப் பொருந்தாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுச் செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் தேவைப்படும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆக, உங்கள் 41 நாள் சராசரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. கழற்றிய பிறகு வரும் ஒரு மாதத்தில்தான் பழக்கம் ஊன்றப் போகிறது, நீங்களோ அப்போது விடுமுறை எடுத்துக்கொள்கிறீர்கள். நடையிலும் சரணத்திலும் ஒரு நாள் தவறலாம், அடுத்தடுத்து இரண்டு நாள் தவறக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சலுகை சிகரெட்டுக்குக் கிடையாது.

கணக்கு வைக்க டைரி வேண்டாம். என்னிடம் வரும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வீட்டுத் தினசரிக் காலண்டரில் தாளைக் கிழிக்கும்போது, அன்று நடந்திருந்தால் அதன் மூலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஆணியில் குத்தி வைப்பார். நடக்காத தாள் வெறுமனே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரப்பர் பேண்டு போட்ட கட்டாக அதை என் மேஜையில் வைப்பார், டிக்கெட் கணக்கு ஒப்படைப்பதுபோல. அவருடைய கட்டைப் புரட்டினால் பேத்தி கல்யாணம் நடந்த வாரம்கூடத் தெரியும்: ஐந்து தாள் வெள்ளை.

கடைசியாக, இலக்கு எதுவாக இருந்தாலும் முன்னால் செய்ய வேண்டியவை. உங்கள் வயது, சிகரெட், ரத்த அழுத்தம், அப்பாவின் வரலாறு நான்கையும் சேர்த்துப் பார்த்தால், இ.சி.ஜி., கொழுப்புப் பரிசோதனை எடுக்காமல், மருத்துவரைப் பார்க்காமல் அடுத்த மலையேற்றத்துக்குப் போக வேண்டாம். நீலிமலையும் அப்பாச்சிமேடும் உட்கார்ந்தே பழகிய இதயத்துக்குச் சட்டென்று கொடுக்கும் தேர்வு. ஏறும்போது நெஞ்சை அழுத்தினாலோ தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ, சரணம் சொல்லிக்கொண்டு சமாளிக்காமல் அங்கேயே உட்கார்ந்து, வழியில் உள்ள மருத்துவ மையத்துக்கு ஆள் அனுப்புங்கள். ரத்த அழுத்தத்தை ஒரு வாரம் வீட்டில், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளந்து எழுதிக்கொண்டு போங்கள். எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்போம். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள், அதற்கு முன்னால் பார்த்துப் பயனில்லை.

இன்னொன்று, நீங்கள் எழுதாதது. இந்த இடுப்பளவும் இந்த ரத்த அழுத்தமும் பகலில் எரிச்சலும் சேர்ந்திருப்பதைப் பார்த்தால், தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதோ என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று பிறகு திணறி இழுக்கிறீர்களா என்பது உங்களுக்குத் தெரியாது. இன்று உங்கள் மனைவியிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.